கம்பவுண்டர் சவரிராஜ் எடுத்த சடுகுடு படம்

என் வீட்டுக்காரர் சவரிராஜ் பயந்த மனிதர். குறையாகச் சொல்லவில்லை, இருபத்தாறு வருஷம் அவரோடு குடித்தனம் செய்தவள், உள்ளதைச் சொல்கிறேன். ஆரணியில் எங்கள் மாதாகோயில் சாமியார் நடத்திய மருந்துச்சாலையில் அவர்தான் கம்பவுண்டர். ஒரு பாட்டில் மருந்து கலக்கச் சீட்டை மூன்று தரம் படிப்பார். நோயாளி தெருமுனை திரும்பிய பிறகு பின்னாலேயே ஓடி, பாட்டிலை வாங்கி இன்னொரு தரம் மோந்து பார்த்துவிட்டுக் கொடுப்பார். அவர் கலந்த மருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அவருக்குத்தான் தினமும் ராத்திரித் தூக்கம் கெடும்.

இப்படிப்பட்டவர் கையில் சாமியார் ஒரு போட்டோப் பெட்டியைக் கொடுத்துவிட்டார். பிரான்சிலிருந்து வந்த பெட்டி. சாமியாருக்கு வயதாகிக் கை நடுக்கம் கண்டதால், மருந்து கலக்கத் தெரிந்தவனுக்கு இதன் திராவகங்களும் பிடிபடும் என்று இரண்டு மாதம் சொல்லிக் கொடுத்தார். அவர் சொல்லிக் கொடுத்த வித்தை இவ்வளவுதான். பெட்டிக்கு முன்னால் ஆட்களை நிறுத்து. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு உருவம் தெளிவாகத் தெரிகிறதா பார். கண்ணாடித் தகட்டைச் செருகு. 'நில்லுங்கள், அசையாதீர்கள்' என்று சொல். பெட்டியின் முகப்புக் கண்ணாடிமேல் இருக்கும் மூடியை எடு, மூடு. எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதற்குக் கடிகாரம் கிடையாது, ஜெபம்தான். கோயிலுக்குள்ளே என்றால் மாதாவுக்குச் சொல்லும் மங்கள வார்த்தை ஜெபம் மூன்று தரம் முழுதாக. மர நிழலில் பாதி ஜெபம். நல்ல வெயிலில் ஜெபத்தின் முதல் இரண்டு வார்த்தை.

நான் சொல்லப்போகிற பொங்கலுக்கு முன் அவர் மொத்தம் பதினோரு படம் எடுத்திருந்தார். கோயில் பீடம், மாதா சிலை முதலான சுரூபங்கள், முதல் அப்பம் வாங்கிப் புதுநன்மை எடுத்த பிள்ளைகள். சுரூபம் அசையாது. பிள்ளைகளைச் சாமியார் முறைத்துக்கொண்டே நின்றதால் அவர்களும் அசையவில்லை. ஓடுகிற ஒன்றை அவர் படம் எடுத்ததே இல்லை.

1897ஆம் வருஷம், பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது பச்சையம்மாள் என்னிடம் வந்தாள். நான் வாத்தியாரம்மாவாக இருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தைப் பெருக்கித் தண்ணீர் கொண்டு வந்து வைப்பவள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சேரியில் குடிசை. புருஷன் இல்லை. ஒரே பிள்ளை குப்புராஜ், இருபத்திரண்டு வயது. மழை பொய்த்த வருஷம் அது. கழனி வேலை எங்கேயும் இல்லை. ஆள்பிடிக்கிறவன் ஒருத்தன் வந்து கடல் தாண்டி ஆப்பிரிக்காவில், நெட்டாலில் கரும்புத் தோட்டம், ஐந்து வருஷம், இரண்டு வேளைச் சோறு என்று சொல்லிக் குப்புராஜின் கைநாட்டை வாங்கிவிட்டான். பொங்கல் முடிந்து காணும் பொங்கலுக்கு மறுநாள் பயணம்.

"வாத்தியாரம்மா, எம் புள்ள மூஞ்சிய ஒரு படத்துல புடிச்சுக் குடுக்கச் சொல்லும்மா கம்பவுண்டரய்யாகிட்ட. அஞ்சு வருசம் கண்ணால பாக்காம எப்பிடிம்மா இருப்பேன்?" என்றாள்.

"அழைச்சிகினு வா, நாளைக்கே எடுக்கச் சொல்றேன்."

"அவன் வரமாட்டேன்றாம்மா. படம் புடிச்சா ஆயுசு கொறையுமாம். கப்பல் ஏறப் போறவன், எதுக்கு வம்புன்றான். காணும் பொங்கலுக்கு ஆத்து மணல்ல சடுகுடு ஆடுவான். ஆட்டத்துல எறங்கிட்டான்னா பக்கத்துல இடி வுழுந்தாலும் அவனுக்குத் தெரியாது. அப்ப புடிக்கலாம் இல்லம்மா?"

நான் யோசிக்காமல் சரி என்றேன். என் வாயில் சனி. வீட்டுக்கு வந்து சொன்னதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சடுகுடுவா? ஓடுவானுங்களே, மேரி!"

"ஓடத்தான் ஓடுவாங்க. பின்ன என்ன, உக்காந்து ஜெபமாலை சொல்லுவாங்களா?"

"எனக்கு அந்த ஆட்டத்துல தலையும் தெரியாது, காலும் தெரியாது. நீ என்னைக் கேக்காம எப்படி ஒத்துக்கினே?"

அது உண்மை. தேசூரில் பிறந்தவர். சின்ன வயதில் மற்ற பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடும்போது இவர் ஓரமாக நின்று அவர்கள் கழற்றிக் கொடுத்த சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தவராம். எனக்கு நாலு அண்ணன்கள். சடுகுடு சத்தத்திலேயே வளர்ந்தேன். அன்று சாயங்காலம் சமையற்கட்டுத் தரையில் கரிக்கட்டியால் கோடு போட்டு, பக்கத்துக்கு ஏழு என்று புளியங்கொட்டை வைத்துப் பாடம் நடத்தினேன். "இது நடுக்கோடு. இந்தப் பக்கத்து ஆள் ஒருத்தன் 'சடுகுடு சடுகுடு'ன்னு மூச்சு விடாம பாடிகினே அந்தப் பக்கம் போவான். அங்க யாரையாவது தொட்டுட்டு மூச்சோட கோட்டுக்குத் திரும்பிட்டா, தொடப்பட்டவன் வெளியே. திரும்பறதுக்குள்ள அவனுங்க புடிச்சு மூச்சை அறுத்துட்டா, இவன் வெளியே. வெளியே போனவனை செத்தவன்னு சொல்லுவாங்க. எதிர்ப்பக்கத்துல ஒருத்தன் போனா, செத்தவன் ஒருத்தனுக்கு உசிர் வரும், திரும்ப ஆடலாம். ஒரு பக்கத்துல அத்தனை பேரும் போயிட்டா ஆட்டம் முடிஞ்சுது. புரியுதா?"

அவர் ஒரு புளியங்கொட்டையை நடுக்கோட்டுக்கு நகர்த்தி வைத்தார். "இதுல எப்ப நிப்பாங்க?"

"யாரு?"

"ஆடறவங்க. எந்த இடத்துலயாவது கொஞ்ச நேரம் நிப்பாங்களா?"

"நிக்கவே மாட்டாங்க."

அவர் அன்று சாப்பிடவில்லை. என்னிடம் கோபமும் காட்டவில்லை. கோபித்திருந்தால் திருப்பிக் கத்தியாவது இருப்பேன். மீதி இருந்தவை மூன்றே தகடுகள். சாமியார் புதுச்சேரிக்குத் தியானத்துக்குப் போயிருந்தார். அவர் திரும்பினால்தான் வேறு தகடு. அந்த மூன்றையும் பெட்டியிலிருந்து எடுக்காமலே தினமும் இரண்டு தரம் தொட்டுப் பார்த்தார்.

காணும் பொங்கலன்று தறிச் சத்தம் இல்லாத ஆரணியைப் பார்க்கவே புதிதாக இருக்கும். ஊரே கமண்டல நாகநதி மணலில் கட்டுச்சோற்றோடு உட்கார்ந்திருந்தது. சேரிக்காரர்களின் ஆட்டம் கொஞ்சம் தள்ளி, சாயக்காரர்கள் பட்டு அலசுகிற துறைக்குக் கீழே. குப்புராஜின் பக்கத்தோடு மோத வேண்டியவர்கள் தேவிகாபுரத்திலிருந்து நடந்து வர வேண்டும். நாங்கள் பகல் பன்னிரண்டுக்கே போட்டோப் பெட்டியின் முக்காலியை நட்டுவிட்டோம். ஒரு மணி ஆயிற்று, இரண்டாயிற்று, அவர்கள் வரவில்லை. என் வீட்டுக்காரர் தொப்பியைத் தூக்கித் தூக்கிச் சூரியனையே பார்த்தார்.

"வெயில் சாஞ்சா ரெண்டு வார்த்தை பத்தாது, மேரி. நாலு வார்த்தை வேணும். நாலு வார்த்தைக்குள்ள ஒருத்தன் எவ்வளவு தூரம் ஓடுவான்?"

"எனக்கென்ன தெரியும்? ஓடிக் காட்டட்டுமா?"

சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பச்சையம்மாள் கரையில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்து இவர் முக்காலியைப் பிடுங்கித் திரும்ப நட்டார்.

மூன்றரைக்கு ஆட்டம் தொடங்கியது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் உடனே வெளியே இழுத்துக்கொண்டார். அந்தப் பெட்டிக்குள் எல்லாம் தலைகீழாகத் தெரியும். நிற்கிற சுரூபம் தலைகீழாகத் தெரிந்தால் பழகிவிடும். பதினாலு பேர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே ஓடினால் யாருக்குத்தான் தலை சுற்றாது? "இதுல குப்புராஜ் யாரு?" என்று கேட்டார். பாவம், எல்லாரும் கோவணமும் மணலுமாக இருந்தார்கள். "அதோ, தலையில மஞ்சத் துணி கட்டிகினு இருக்கானே" என்று நான் காட்டினேன். அதற்குள் குப்புராஜ் அந்தத் துணியை அவிழ்த்து எறிந்துவிட்டான்.

முதல் தகடு அநியாயமாகப் போயிற்று. கூட்டம் 'ஓ' என்று கத்தியதும் ஏதோ பெரிய சங்கதி நடந்துவிட்டது என்று பதறி மூடியை எடுத்துவிட்டார். ஒரு நாய் கோட்டுக்குள் புகுந்துவிட்டது, அதற்காகத்தான் கத்தினார்கள்.

"நாய்க்கா?" என்றார் என்னிடம். கண்ணில் தண்ணீர் நின்றது.

"போனது போகட்டும், இன்னும் ரெண்டு இருக்கு. அவன் பாடப் போகும்போது நான் சொல்றேன், அது வரைக்கும் தொடாதீங்க."

குப்புராஜ் பாடப் போனான். அந்தப் பிள்ளை ஆடுவதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். மணலில் கால் பதியாமல் போனான்; மூச்சு ஒரே சீராக வந்தது. நான் சொல்ல மறந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நினைவு வந்து "இப்ப!" என்றபோது அவன் திரும்பிக் கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தான். இவர் மூடியை எடுத்து நாலு வார்த்தை சொல்லி மூடினார். "என்ன வந்திருக்கும்?" என்றேன். "புகை" என்றார். இது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

ஒரே ஒரு தகடு மிச்சம். அப்போது கரையிலிருந்து, "குப்புராஜி செத்தான்!" என்று யாரோ கூவினார்கள். தேவிகாபுரத்தான் ஒருத்தன் பாடி வந்து தொட்டுவிட்டுப் போய்விட்டான். குப்புராஜ் ஓரமாகப் போய் உட்கார்ந்தான்.

"உக்காந்துட்டான், பாருங்க! அசையாம இருக்கான்! ஜல்தி!" என்று நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். முக்காலியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் மணலில் ஓடினோம். அந்தக் கனமான பெட்டியோடு அவர் இரண்டு தரம் தடுக்கி விழப் பார்த்தார். போய் நட்டு, துணிக்குள் தலையை விட்டு, தெளிவு பார்த்து, தகட்டைச் செருகி நிமிர்ந்தார். குப்புராஜ் எழுந்துவிட்டான். அவன் பக்கத்தார் எதிராளி ஒருத்தனை வீழ்த்திவிட்டார்களாம். இவனுக்கு உயிர் வந்துவிட்டது.

"நீ இதைச் சொல்லலையே!" என்று முதல் தடவையாக என்மேல் கத்தினார்.

"சொன்னேன்! புளியங்கொட்டை வெச்சு சொன்னேன்!"

சண்டை போட நேரமில்லை. சூரியன் பனைமர உயரத்துக்கு இறங்கிவிட்டது. நாங்கள் நின்ற இடம் இப்போது நடுக்கோட்டுக்கு நேரே வந்திருந்தது. அவர் தகட்டை வெளியே எடுத்துவிட்டு, நடுக்கோட்டில் ஒரு கல்லைக் குறி வைத்துத் தெளிவு பார்த்தார். பாடப் போகிறவன் எப்படியும் அந்தக் கோட்டுக்குத்தானே திரும்ப வேண்டும். அது வரைக்கும் அவர் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம் அதுதான். தகட்டைத் திரும்பச் செருகி அதன் மறைப்பை இழுத்துவிட்டு, மூடிமேல் கையை வைத்து நின்றார். உதடு ஜெபத்தின் முதல் வார்த்தையிலேயே மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

ஆட்டமும் அதற்குள் முற்றிவிட்டது. குப்புராஜ் பக்கத்தில் அவன் ஒருவன்தான் மிச்சம். எதிரே ஐந்து பேர். கரை முழுக்க எழுந்து நின்றது. குப்புராஜ் பாடிக்கொண்டே போனான். வலது ஓரத்தில் ஒருவனைத் தொட்டான், குனிந்து இன்னொருவன் முழங்காலைத் தொட்டான். மற்றவர்கள் வளைக்கப் பார்த்தார்கள். நடுவில் புகுந்து வந்தான். மூச்சு அறவில்லை. கோட்டுக்கு இரண்டு அடி. என் வீட்டுக்காரர் குறி வைத்த கல்லுக்கு நேரே வந்துகொண்டிருந்தான்.

"நில்லு! அசையாதே!"

என் பக்கத்திலிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது. பதினோரு படத்துக்கும் சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போன வார்த்தை. அவர் அவ்வளவு உரக்கக் கத்தி நான் கேட்டதே இல்லை. குப்புராஜ் நின்றான். ஒரு கால் முன்னே, ஒரு கை நீட்டியபடி, முகத்தை எங்கள் பக்கம் திருப்பி, அப்படியே நின்றுவிட்டான். என் வீட்டுக்காரர் கை தானாக மூடியை எடுத்தது. நாலு வார்த்தை. மூடி திரும்ப விழுந்த அதே நேரம் மூன்று பேர் பின்னாலிருந்து குப்புராஜ் மேல் விழுந்தார்கள். அவன் மூச்சு அறுந்தது. ஆட்டம் முடிந்தது.

ஐயோ, அப்புறம் எழுந்த கூச்சல்! "எவன்டா கத்தனது?" "அந்தத் தொப்பிக்காரன்தான்!" மணல் வாரி எங்கள்மேல் இறைத்தார்கள். பெட்டியை உதைக்க ஒருவன் வந்தான். குப்புராஜ்தான் எழுந்து வந்து தடுத்தான். முகமெல்லாம் மணல். அவன் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை.

"இன்னாய்யா இப்பிடிப் பண்ணிட்ட?" என்றான். "கப்பலுக்கு ஆளுங்கள சோதிக்கிற டாக்டரு துரை அன்னிக்கு இப்பிடித்தான் சொன்னான். நில்லு, அசையாதேன்னு. மார்ல இருக்கற மச்சத்தையெல்லாம் எண்ணி எழுதிகினான். அசைஞ்சா ஆள் வேணாம்னு தள்ளிடுவேன்னான். அதே கொரலு. காலு நின்னுகிச்சு, நான் இன்னா பண்ணுவேன்?"

என் வீட்டுக்காரர் குனிந்து முக்காலியின் கால்களை மடக்கினார். மறுநாள் காலை ஆரணி ரோடு ஸ்டேஷனுக்குப் போகிற வண்டி எங்கள் தெரு வழியாகத்தான் போயிற்று. குப்புராஜும் இன்னும் ஆறு பேரும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். "ஓடிப் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன்!" என்று நான் அவரைப் பிடித்துத் தள்ளினேன். மருந்துச்சாலைக் கதவுக்குப் பின்னாலேயே நின்றார், வண்டிச் சத்தம் அடங்குகிற வரைக்கும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவரே வந்து கூப்பிட்டார். தகட்டைத் திராவகத்தில் கழுவிப் படத்தை எழுப்பத் துணை வேண்டும். சாமியாரின் இருட்டறை பூட்டிக் கிடந்ததால் சாயக்காரர் வீரபாகுவின் சாயச்சாலையைக் கேட்டு வாங்கியிருந்தார். கழுவுகிற இடத்தில் சிவப்பு வெளிச்சம் தவிர வேறு வெளிச்சம் படக்கூடாது. இருந்த ஒரே சன்னலுக்கு வீரபாகு புதிதாக அரக்குச் சாயம் ஏற்றிய பட்டுத்துணியை நாலாக மடித்துக் கட்டிக் கொடுத்தார். அந்தச் சிவப்பில் எங்கள் கைகள் பார்க்கச் சகிக்கவில்லை. தட்டில் திராவகத்தை ஊற்றித் தகட்டை இறக்கி ஆட்டினார்.

"ஒண்ணும் வராது, மேரி. அந்தப் புள்ளைய அவமானப்படுத்தினதுதான் மிச்சம். அவன் ஆத்தாளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"வாயை மூடிகினு ஆட்டுங்க" என்றேன்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு ஓரம் கறுத்தது. வானம். பிறகு மணல். நடுவில் ஒரு கை, ஒரு தோள். அவர் தட்டை ஆட்டுவதை நிறுத்திவிட்டார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டினேன். முகம் வந்தது. கண்ணாடியில் வெள்ளை கறுப்பாக, கறுப்பு வெள்ளையாகத்தான் இருக்கும், இருந்தாலும் தெரிந்தது. பின்னால் ஓடி வந்தவர்கள் மூன்று பேரும் வெறும் புகை. குப்புராஜ் ஒருவன்தான் இமை முதற்கொண்டு தெளிவாக இருந்தான்.

காகிதத்தில் வெயில் காட்டி எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு அது சரியாகத் தெரிந்தது. அவன் முகத்தில் இருந்தது பயம். ஆட்டக்காரன் முகமே இல்லை அது. அதட்டலுக்கு நின்றவன் முகம். "இதை அவகிட்ட குடுக்கவே முடியாது. சரியா வரலைன்னு சொல்லிடுவோம்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒரு தாய் அதற்காகத்தானே காத்திருக்கிறாள்? ஒளித்து வைக்க நாங்கள் யார்? "நீங்கதான் குடுக்கணும். நான் கூட வரேன்" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

பச்சையம்மாள் பள்ளிக்கூடத்து வாசலில் குடத்தை இறக்கிவிட்டுக் கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பார்த்தாள். என் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகினார்.

"பச்சையம்மா, நான்தான் கத்தினேன். என்னாலதான் உன் பிள்ளை தோத்துட்டான். பயந்துட்டான், பாரு. முகத்தைக் கெடுத்துட்டேன். என்னை மன்னிச்சுடு" என்றார். இத்தனை நாளாகச் சொல்ல முடியாததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

அவள் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ கத்தனது கரையில எனக்கும் கேட்டுச்சுய்யா. கைநாட்டு வெச்சிகினு வந்த அன்னையிலேர்ந்து நானும் கத்தணும் கத்தணும்னு இருந்தேன். போவாதடா, நில்லுடான்னு. நின்னா சோத்துக்கு இன்னா பண்றதுன்னு கேப்பானே, அதுக்கு எங்கிட்ட பதிலு இல்ல. வாய மூடிகினு இருந்துட்டேன். நீ கத்திட்ட. நின்னான் பாரு எம் புள்ள."

படத்தைத் தூக்கி என்னிடம் காட்டினாள், நான் பார்த்ததே இல்லை என்பது போல.

"இப்ப போயி கத்தினா கேக்காது இல்லய்யா?" என்று அவரைக் கேட்டாள்.